நிலையில் துடைத்த சுண்ணாம்பு

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் மட்டக்களப்பு நகரில் புகைப்படக்கலை படிக்கிறேன். ஊர் கொக்கட்டிச்சோலைக்குப் பக்கம். மண்முனைப் பாலத்தால் பஸ்ஸில் வந்து போகிறேன். உங்கள் எழுத்துகளை வகுப்பில் நாங்கள் சில பேர் சேர்ந்து வாசிப்போம்.

இறுதிச் செயற்றிட்டத்துக்குக் ‘குடும்ப மரபு’ என்ற தலைப்பை எடுத்துவிட்டு முழித்துக்கொண்டிருக்கிறேன். என்னோடு படிக்கும் ஒருவனின் பெத்தப்பா (தாத்தா) கூத்துப் பழக்கும் அண்ணாவியார். வீட்டில் மத்தளம், கூத்து உடுப்பு, ஏட்டுக் கொப்பி எல்லாம் இருக்கிறது. இன்னொரு பிள்ளை மருதமுனை, வீட்டிலேயே தறி. எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. பெத்தப்பா வயல் செய்தவர், அப்பாவும் அதுதான். அம்மா தையல். பெத்தாவிடம் (பாட்டியிடம்) வெற்றிலை வைக்கும் பித்தளை வட்டா ஒன்றும் பாக்கு இடிக்கும் சின்ன உரலும் இருக்கின்றன. சுவரில் ஐந்தாறு பழைய படங்கள். இதில் எதை மரபென்று காட்டுவது?

எடுத்த படங்களை இத்துடன் அனுப்புகிறேன். எல்லாம் கறுப்பு வெள்ளை. பெத்தாவின் கை, முகம், வட்டா. வட்டாவைப் புளி போட்டு மினுக்கினேன். அதற்குள் கிடந்த சுண்ணாம்பு யோகட் கோப்பை, றப்பர் பாண்ட், பழைய பஸ் ரிக்கற் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, கறுப்புத் துணி விரித்து யன்னலோரம் வைத்து எடுத்தேன். வகுப்பில் பார்த்தவர், ‘டெக்னிக்கலாக நல்லம், கிரியேட்டிவிட்டி போதாது’ என்றார். அன்றாட வாழ்க்கையின் அழகைக் காட்டத்தான் நினைத்தேன். வீட்டில் இருக்கும்போது அந்த அழகு தெரிகிறது. படத்தில் பார்த்தால் நான் நடிக்கிற மாதிரி இருக்கிறது.

வீட்டிலும் யாருக்கும் இதில் அக்கறை இல்லை. ‘என்னைப் படமெடுத்து என்னத்துக்குகா? வந்தா சும்மா இரிந்து கதைச்சிட்டுப் போவன்’ என்கிறா பெத்தா. மாமா, கலியாண வீடு எடுக்கப் பழகு, நாலு காசு வரும் என்கிறார். ஆவணியில் அக்காவுக்குக் கலியாணம். வீடு அக்காவுக்கு, அம்மாவும் அப்பாவும் பின் வளவில் சின்னதாக ஒன்று கட்டுகிறார்கள். அதற்குள் இந்த வீட்டுக்குப் பெயின்ற் அடித்து முடிக்க வேண்டும் என்று அம்மா ஓடித் திரிகிறா. 78 சூறாவளிக்குப் பிறகு திருத்திக் கட்டிய வீடு இது. வாசல் நிலை மட்டும் அதற்கு முந்தியது. பெத்தா வெற்றிலை போட்டுச் சுண்ணாம்பு விரலைத் துடைத்துத் துடைத்து அந்த நிலையே வெள்ளையாகிக் கிடக்கிறது என்று அம்மாவுக்குக் கோபம்.

என் கேள்வி இதுதான். படைப்பாற்றல் பிறவியில் வருவதா, குடும்பத்தால் வருவதா, பழகி வருவதா? குடும்பத்தில் கலை இல்லையென்றால் எனக்கு எங்கிருந்து வரும்? இப்போது வைத்திருக்கும் கமெரா பழையது. நல்லதொன்று வாங்கினால் மாறுமா?

சு.


அன்புள்ள சு.,

படங்களைப் பெரிய திரையில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெளிச்சம் உங்களுக்கு நன்றாகவே பிடிபட்டிருக்கிறது. யன்னல் வெளிச்சத்தை ஒரு பக்கத்தில் விழவிட்டு மறுபக்கத்தை இருட்டிலேயே விடுவதற்குத் துணிவு வேண்டும். படிக்கிற காலத்தில் பலர் பயந்துபோய் எல்லாவற்றையும் வெளிச்சமாக்கிவிடுவார்கள். ஆக, டெக்னிக்கலாக நல்லம் என்றது சரிதான். ‘கிரியேட்டிவிட்டி போதாது’ என்றதை வைத்துக்கொண்டுதான் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. சொதியில் உப்புப் போதாது என்றால் இன்னும் கொஞ்சம் போடலாம். இது அப்படியா?

எனக்குப் பட்ட குறையைச் சொல்கிறேன். நீங்கள் வட்டாவை மினுக்கியிருக்கக் கூடாது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழர் வீடு, முஸ்லிம் வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் வெற்றிலை வட்டா இருந்தது. கலியாணம் பேச வந்தவருக்கும் அதுதான், செத்தவீட்டுக்கு வந்தவருக்கும் அதுதான். புளி போட்டு மினுக்கிக் கறுப்புத் துணியில் வைத்துவிட்டால் அது யார் வீட்டு வட்டா என்று யாருக்குத் தெரியும்? பித்தளைக் கடைக்காரர் விளம்பரத்துக்குக் கேட்டாலும் கொடுக்கலாம். அது உங்கள் பெத்தாவின் வட்டா என்பதற்கு இருந்த சாட்சிகளையெல்லாம் நீங்களே வெளியில் எடுத்து வைத்துவிட்டீர்கள். அந்த யோகட் கோப்பைதான் எனக்கு முதலில் வேண்டும். பழைய சுண்ணாம்புக் கரண்டகம் உடைந்ததா, தொலைந்ததா, இல்லை வேறு பிள்ளைக்குக் கொடுத்தாவா? அந்த பஸ் ரிக்கற் எங்கே போய் வந்தது? கிளினிக்குக்கா, கோயிலுக்கா, மகள் வீட்டுக்கா? பெத்தா அதை ஏன் எறியவில்லை? கேட்டுப் பார்த்தீர்களா? அந்தக் கேள்விகளோடு வட்டாவைப் பார்த்திருந்தால் கறுப்புத் துணி உங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது.

பாவித்த பொருளில் பாவிப்புத்தான் அழகு என்று நான் நினைக்கிறேன். ‘அன்றாட அழகு’ என்று சொல்லிக்கொண்டு எடுக்கப்படும் படங்களில் பெரும்பாலானவை முதலில் துடைத்தெறிவது அந்த அன்றாடத்தைத்தான். நடிக்கிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

உங்கள் நண்பர்களைப் பார்த்துப் பொறாமைப்படவும் வேண்டாம். அவர்களுக்கும் இதே பொறி இருக்கிறது, இன்னும் பெரிதாக. மத்தளத்தைச் சுவரில் சாத்தி வைத்து எடுத்தால் அதுவும் ஒரு மினுக்கிய வட்டாதான். கூத்தில் ‘சட்டம் கொடுக்கிற’, அதாவது ஆளுக்கொரு பாத்திரம் ஒதுக்கிக் கொடுக்கிற நாளிலிருந்து சதங்கை அணிந்து அரங்கேறும் நாள்வரை மாதக்கணக்கில் இரவிரவாக நடக்கும் பழக்கம், அண்ணாவியாரின் ஏச்சு, தாளம் பிழைத்தவன் முழிக்கும் முழி, நடுச்சாமத்துப் பிளேன்ரீ, இவைதான் அந்த வீட்டு மரபு. மருதமுனைப் பிள்ளையின் வீட்டிலும் தறியில் குந்தியிருப்பவருக்கு அது மரபாகத் தெரியாது. மாசக் கடைசியில் சீட்டுக்குக் கட்ட வேண்டிய காசாகத்தான் தெரியும். அந்தக் காசும் படத்தில் வர வேண்டும்.

சரி, உங்கள் வீட்டில் கலை இல்லை என்கிறீர்கள். பெத்தப்பா வயல் செய்தவர் என்று அரை வரியில் முடித்துவிட்டீர்கள். வீசி விதைப்பதை நின்று பார்த்திருக்கிறீர்களா? பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் நடந்தபடி, முளை கட்டிய நெல்லை அள்ளி வீச வேண்டும். ஒரு வீச்சு விழுந்த இடத்துக்கும் அடுத்தது விழும் இடத்துக்கும் நடுவில் சொட்டை விழக் கூடாது. ஒன்றின்மேல் ஒன்று குவியவும் கூடாது. மணிக்கட்டு கொஞ்சம் முந்தித் திரும்பினால் நெல் ஒரு பக்கமாகக் கொட்டிவிடும். செய்த பிழை அன்றைக்குத் தெரியாது. பயிர் முளைத்த பிறகுதான் தெரியும், வயல் வட்டைக்கே தெரியும், அறுவடைவரைக்கும் அப்படியே நிற்கும். இவ்வளவு பகிரங்கமாகத் தன் கைவேலையைக் காட்டிக்கொண்டு நிற்கிற கலைஞர்கள் நம்மில் எத்தனை பேர்? அம்மா தைக்கிறா என்கிறீர்கள். ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் துணியில் சோக்கட்டியால் கோடு போடுகிற கண்ணை நீங்கள் எங்கேயும் காசு கட்டிப் படிக்க முடியாது.

பிறவியா பழக்கமா என்ற கேள்வியில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. பழகாமல் வந்தவர் ஒருவரையும் நான் காணவில்லை, அவ்வளவுதான். குடும்பத்திலிருந்து என்ன வருகிறது என்று கேட்டால், எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் வருகிறது. உங்கள் அப்பா வரம்பில் நின்றுகொண்டு பயிரின் பச்சையைப் பார்த்தே தண்ணீர் காணாதா, உரம் காணாதா என்று சொல்லுவார். உங்களுக்கு அந்தப் பச்சைகள் பிரிந்து தெரியுமா? தெரியாவிட்டால் அவரிடம் கேளுங்கள். ஒரு போகம் முழுக்க ஒரே வரம்பில் ஒரே இடத்தில் நின்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்தையும் அவரிடம் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டு அவர் சொல்வதை எழுதி வைத்தால், அது இன்னொரு செயற்றிட்டம். ஐப்பசி விதைப்பில் தொடங்கலாம். சூடு மிதித்து, களத்தில் பொலி பாடிய காலம் போய்விட்டது, இப்போது மெசின் வந்து வெட்டிக்கொண்டு போகிறது. பரவாயில்லை, மெசினையும் எடுங்கள். மெசினுக்கு முன்னால் ஓடும் கொக்குகளை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

இப்போதைய செயற்றிட்டத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் கடைசியாக, அம்மாவின் கோபமாகச் சொல்லிவிட்டுப் போன அந்த வாசல் நிலையில்தான் நான் நின்றுவிட்டேன்.

வெற்றிலை போடுகிறவர் ஆட்காட்டி விரலில் சுண்ணாம்பை எடுத்து இலையில் தடவுவார். விரலில் மிஞ்சியதை எங்கேயாவது துடைத்தாக வேண்டும். உடுப்பில் துடைக்க முடியாது, கையெட்டும் தூரத்தில் மரம் இருக்கிறது. இப்படி ஒரு நாளைக்குப் பல தடவை, பல வருசம். உங்கள் நிலையில் அந்தக் கோடுகள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று அளந்து பாருங்கள். பெத்தா படியில் குந்தியிருந்து துடைத்தது ஒரு உயரம், எழும்பி நின்று கேற்றில் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு துடைத்தது இன்னொரு உயரம். முதுகு கூனத் தொடங்கிய பிறகு துடைத்தவை கொஞ்சம் கீழே இருக்கலாம். சுண்ணாம்பு காற்றுப்பட்டு இறுகித் திரும்பவும் கல்லாகிற பொருள். சுவர் கட்டுவதும் அதனால்தான். ஆகவே பழைய கோடு மஞ்சளித்து இறுகியிருக்கும், நேற்றுத் துடைத்தது வெள்ளையாகத் தூள் பறக்கும். நிலை சூறாவளிக்கு முந்தியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பில் கூரை ஓடும் தகரமும் தென்னையும் பறந்த சூறாவளி அது. அதற்குத் தப்பிய நிலை என்றால், அதற்கு முதல் அந்த வாசலில் இருந்து வெற்றிலை போட்டது யார்? நம் பக்கத்தில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. பெத்தாவின் தாயும் அதே மரத்தில்தான் விரல் துடைத்தாவோ என்னவோ. கேளுங்கள்.

குடும்ப மரபைத் தேடி எங்கெங்கோ போய்விட்டு வருகிறீர்கள், அது வாசலிலேயே இருக்கிறது. அம்மா அதற்குப் பெயின்ற் வாங்கப் போகிறா.

அம்மாவோடு சண்டைக்குப் போக வேண்டாம். மகள் கலியாணத்துக்கு வீடு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று அவ நினைப்பதும் அழகைப் பற்றிய ஒரு தீர்ப்புத்தான், உங்களுடையதற்குக் குறைந்ததில்லை. பெயின்ற் அடிக்கட்டும். அதற்கு முதல் நீங்கள் எடுத்துவிடுங்கள். வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியவில்லை. கிழக்கு வாசல் என்றால் காலை எட்டு மணிக்குள் வெளிச்சம் மரத்தில் சாய்ந்து விழும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் சுண்ணாம்பின் தடிப்பு தெரியும். நிலைக்கு நேரே கமெராவை வைத்து, முழு நிலையும் வரக் கூடியதாக ஒன்று எடுங்கள். கிட்டப் போய் ஒரு சாண் பரப்பை மட்டும் ஒன்று. பெத்தா அதில் சாய்ந்து இருக்கும்போது ஒன்று. கறுப்பு வெள்ளை வேண்டாம்! சுண்ணாம்பின் மஞ்சளும் மரத்தின் கபிலமும் வெற்றிலைச் சாறு தெறித்த சிவப்பும் போய்விட்டால் அங்கே பார்க்க என்ன மிச்சம்? அப்புறம் அம்மா பெயின்ற் கடையில் நிறம் தெரிவுசெய்வதை எடுங்கள், உப்புத்தாள் போட்டு நிலையைத் தேய்ப்பதை எடுங்கள், பாதி அடித்து மீதி காயக் கிடப்பதை எடுங்கள். கலியாணம் முடிந்த பிறகு பெத்தா புதுப் பெயின்றில் போடப்போகிற முதல் கோட்டையும் விடாதீர்கள். அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை நடக்கும். அதற்குள் படம் எடுத்துவிட்டு ஓடிவிடலாம்.

பெத்தாவின் கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுருக்கம் விழுந்த கையைக் கறுப்பு வெள்ளையில், கிட்டத்தில், பின்னால் இருட்டாக எடுப்பது உலகம் முழுக்கப் புகைப்பட மாணவர்கள் எல்லாரும் செய்வது. வயதை மட்டும் காட்டும் படம் அது. வயது யாருக்கும் வரும். அதே கை பாக்குரலில் இடிக்கும்போது, ஒரு கை உரல் வாயைப் பொத்திக்கொண்டிருக்கும், பாக்குத் துண்டு வெளியில் தெறிக்காமல். மற்றக் கை இடிக்கும். பல் இல்லாதவரின் பல் அந்த உரல்தானே. இடித்துக்கொண்டே அவ யாரைப் பற்றியோ ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருப்பா, கண் உரலில் இருக்காது. அந்தக் கையை எடுங்கள்.

அதற்கு ‘சும்மா இரிந்து கதைச்சிட்டுப் போவன்’ என்று பெத்தா சொன்னதைக் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்து உங்களுக்குக் கிடைத்த விமர்சனங்களில் நல்லது அது. கமெராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் போய் இருங்கள். பெத்தா உங்களை மறந்துபோய் வேலையைப் பார்க்கத் தொடங்குவதற்குக் கன நேரம் எடுக்கும். நாள்களும் எடுக்கலாம்.

கொழும்பில் லயனல் வென்ட் என்றொருவர் இருந்தார். 1900இல் பிறந்து 1944இல் போய்ச் சேர்ந்தவர். சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர். இலங்கையில் புகைப்படத்தைக் கலையாக்கியவர் என்று அவரைச் சொல்வார்கள். அவர் எடுத்த உழைப்பாளி உடல்களில் வெளிச்சம் விழும் அழகுக்கு இணை கிடையாது. ஆனால் அந்த உடல்களின் வீட்டு வாசலில் அவர் குந்தியிருந்ததில்லை என்று பார்த்தாலே தெரியும். இன்னொரு பக்கம் செக் நாட்டுக்காரர் யோசெப் சுடெக். முதலாம் உலகப் போரில் வலக்கை போய்விட்டது. ஒற்றைக் கையால் பெரிய பெட்டிக் கமெராவைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர், நாட்டை நாசிகள் பிடித்திருந்த காலத்தில் பிராக் நகரில் தன் வேலையறை யன்னலையே வருடக்கணக்கில் எடுத்தார். யன்னல் விளிம்பில் ஒரு தண்ணீர்க் கிளாஸ், கண்ணாடியில் வியர்த்து ஓடும் நீர், வெளியே வளைந்த மரமொன்று. அவ்வளவுதான். பார்க்கப் பார்க்கத் தீராது. அந்த யன்னலுக்கு உள்ளே இருந்தவர் எடுத்ததால் வந்தது அது. நீங்கள் வாசலுக்கு உள்ளே பிறந்தவர். வென்ட்டுக்குக் கிடைக்காத இடம் உங்களுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது.

நம் ஊரில் கமெரா தூக்கியவர் எல்லாரும் எங்கே போய் நிற்கிறார்கள்? கல்லடிப் பாலத்தில். 1924ஆம் ஆண்டுப் பழைய இரும்புப் பாலம், பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலம், பின்னால் விழுகிற சூரியன். வாவிக்குள் பாடுவதாகச் சொல்லும் மீனை மட்டும் படம் எடுக்க முடியாது, அது தப்பிவிட்டது. நீங்கள் நாளும் போகிற மண்முனைப் பாலம் 2014இல் திறந்தது. அதற்கு முதல் வாவியைக் கடக்கப் ‘பாதை’ என்ற மிதவைதான். சைக்கிள், மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், தயிர்ச் சட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ஆள், எல்லாம் அதில் ஏறித்தான் வாவியின் மேற்கில் உள்ள படுவான்கரையிலிருந்து வந்தன. பாலம் திறந்த அன்று வந்த கமெராக்களில் எத்தனை அதற்கு முந்தின நாள் பாதையைப் பார்த்திருக்கும்? 

இனிச் சுவரில் இருக்கும் படங்கள். அவற்றைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை, ஒன்றும் அனுப்பவும் இல்லை. நீங்கள் எடுத்தவை அல்ல என்பதால் கணக்கில் சேராது என்று நினைத்தீர்களோ? உங்கள் செயற்றிட்டத்தின் பாதி அது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள எழுவான்கரையில் எத்தனையோ வீடுகளில் சுவரும் இல்லை, சுவரில் தொங்கிய படமும் இல்லை. செத்தவர்களின் முகம் ஒன்றாவது கிடைக்காதா என்று சனம் சொந்தக்காரர் வீட்டு ஆல்பங்களைத் தேடிப்போனது. வாவிக்கு இந்தப் பக்கம் இருந்த யாரோ ஒரு மச்சாளின் கலியாணப் படத்தில், மூன்றாம் வரிசையில், பாதி மறைந்து நின்ற முகம்தான் சிலருக்கு மிஞ்சியது. போர்க்காலத்துக் கதையும் அதுதான். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற படங்களை உற்றுப் பாருங்கள். அனேகமாக அடையாள அட்டைக்கு எடுத்த படம். இல்லாவிட்டால் கூட்டத்துப் படம் ஒன்றிலிருந்து வெட்டிப் பெருப்பித்த முகம். தோளில் வேறு யாரோ போட்ட கை அப்படியே இருக்கும், கைக்குரியவர் இருக்கமாட்டார். அந்தப் படங்களை எடுத்த ஸ்டூடியோக்காரரிடம் யாரும் கிரியேட்டிவிட்டி கேட்கவில்லை. முகம் தெளிவாக விழுந்ததா என்பதுதான் இன்றைக்கும் கேள்வி.

ஆகவே அந்த ஐந்தாறு படங்களையும் முதலில் பிரதி எடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிய்க்கவே வேண்டாம், படலமும் சேர்ந்து வரும். நேர் வெயில் படாத விறாந்தையில் வைத்து, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு மேலாலேயே எடுங்கள். கலர்ப் படங்கள் சிவந்துபோயிருந்தால் பயப்படாதீர்கள், அந்தக் காலத்துச் சாயத்தில் சயன் எனும் பச்சை கலந்த நீலம் முதலில் போய்விடுகிறது, கம்பியூட்டரில் ஓரளவு மீட்கலாம். ஒட்டும் தாள் வைத்த ஆல்பம் வீட்டில் இருந்தால் அதிலிருந்தும் மெல்ல விடுவிக்கப் பாருங்கள், அந்தப் பசை படத்தைத் தின்றுவிடும். பின்பக்கத்தையும் எடுங்கள்; ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ கிறுக்கிய கணக்கு, எல்லாம் அங்கேதான் இருக்கும்.

பிறகு பெத்தாவிடம் ஒவ்வொரு முகமாகக் காட்டிப் பெயர் கேட்டு எழுதுங்கள். பெயர், ஊர், யாருக்கு என்ன முறை, தாய்வழியில் என்ன குடி. இதை இன்றைக்கே தொடங்குங்கள். ஜூலியா மார்கரெட் கமெரோன் என்ற பெயர் உங்கள் பாடத்தில் வந்திருக்கும், இங்கிலாந்துப் பெரியவர்களின் முகங்களை எடுத்துப் பேர் வாங்கியவர். 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்தார், பொகவந்தலாவைத் தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது. இங்கிருந்த சில வருடங்களில் அவர் எடுத்த ஆட்களில் கூலிக்கு வந்தவர்களும் ஊர்ச்சனமும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் எடுத்தவர்களுக்குப் பெயர் உண்டு. இங்கே எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. ஒரு பெண் நம்மை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கிறா, யாருடைய பெத்தா என்று யாருக்கும் தெரியாது. பிரிண்டின் பின்னால் எழுதும்போது பென்சிலால் எழுதுங்கள், போல்பொயின்ற் மை முன்பக்கம் ஊறி வரும்.

மாமா சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள். கலியாண வீடு எடுப்பது மட்டமான வேலை என்ற எண்ணம் படித்த பிள்ளைகளுக்கு எப்படியோ வந்துவிடுகிறது. பாசிக்குடாவில் பொண்ணையும் மாப்பிள்ளையையும் ஓடவிட்டு டிரோனில் எடுப்பதை விடுங்கள், அது எனக்கும் ஒத்துவராது. ஆனால் மணவறைக்கு முன்னால் நின்று கூட்டப்படம் எடுக்கிறவர் ஒரு குடும்பத்தின் முழு உறவுமுறையையும் அரை மணித்தியாலத்தில் கண்ணால் பார்க்கிறார். யாரை முதலில் கூப்பிடுகிறார்கள், தாய்மாமன் எங்கே நிற்கிறார், யார் கூப்பிட்டும் வராமல் கதிரையிலேயே இருக்கிறார், எந்தப் பெரியம்மா வந்த பிறகுதான் படம் எடுக்கலாம் என்று எல்லாரும் காத்து நிற்கிறார்கள். அக்காவின் கலியாணத்தில் அமர்த்திய போட்டோக்காரருக்குப் பக்கத்தில் நின்று இவற்றையெல்லாம் எடுத்துப் பாருங்கள். அதற்கு முதல் நாள் குருத்தோலை பின்னுகிறவர்களையும் எடுங்கள். ஒரே ஓலையைக் கிழித்து மடித்து ஆளுக்கொரு விதமாகச் செய்வார்கள், கலை எங்களுக்குத் தெரியாது என்றும் சொல்வார்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். பெத்தா உங்களை நம்பித்தான் வாய் திறந்து சிரிக்கிறா. கண்காட்சியில் எதை வைக்கிறீர்கள் என்று அவவிடம் காட்டிக் கேட்ட பிறகு வையுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். பக்கத்து வீட்டாரின் பழைய படங்களுக்கும் இது பொருந்தும்.

கடைசியாகக் கமெரா. வாங்க வேண்டாம், இப்போதைக்கு. வீட்டில் கிடுகுக் கூரையோடு ஒரு குசினி மிஞ்சியிருந்தால் உச்சி வெயிலில் உள்ளே போய் நிலத்தைப் பாருங்கள். சின்ன ஓட்டை எந்த வடிவமாக இருந்தாலும் நிலத்தில் விழுகிற வெளிச்சம் வட்டமாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றும் சூரியனின் படம். 2019 டிசம்பர் 26 காலை கிரகணத்தின்போது மரங்களுக்குக் கீழே பார்த்தவர்களுக்கு அத்தனை வட்டமும் பிறையானது ஞாபகம் இருக்கும். ஆயிரம் வருடத்துக்கு முன் பஸ்றாவில் பிறந்த இப்னு அல்-ஹைதம் இதைத்தான் இருந்து ஆராய்ந்து எழுதினார். படம் விழுவதற்கு ஒரு ஓட்டையும் ஒரு இருட்டும் போதும். உங்களிடம் இருக்கும் பழைய கமெராவில் அதற்கு மேலேயே இருக்கிறது.

கையில் காசு இருந்தால் இரண்டு செலவு செய்யலாம். ஒன்று, பிரிண்ட். ஃபோனில் காட்டினால் பெத்தாவுக்குக் கண் தெரியாது. பெரிதாகப் போட்டுக் கையில் கொடுங்கள். மற்றது, ஒரு முக்காலி. பெத்தா வெற்றிலை போடுவது பின்னேரத்துக்குப் பிறகு என்றால் அந்த விறாந்தை வெளிச்சத்துக்கு அரை செக்கனாவது ஷட்டர் திறந்திருக்க வேண்டும், கை நிற்காது. பழையது கிடைத்தால் போதும். மூன்று காலின் பூட்டும் இறுகுகிறதா என்று கடையிலேயே நிறுத்திப் பார்த்து வாங்குங்கள்.